காப்பியப் புனைவுகளைத் தரப்படுத்தல்: பகைவனைக் காணும் பார்வை

முன்னுரை

ஆங்கிலத்தில் ‘எபிக் ஃபேண்டஸி’ என்னும் பெயரால் வழங்கும் நெடும்புதினங்களை விரும்பிப் படிப்போர் நம் மாணவரிடையே பலர் உளர். நாமும் நெடுங்காலமாக அவருள் ஒருவராக இருந்து வருகின்றோம். இல்லாத ஓர் உலகு, அவ்வுலகிற்கெனத் தனி நிலப்படம், தனி வரலாறு, தனி மொழிகள், மாயம் வல்லார், உலகின் தலைவிதியை முடிவு செய்யும் ஒரு பெரும்போர் ஆகியவை இவ்வகைப் புதினத்தின் பொது உறுப்புகளாம். இவற்றை இக்கட்டுரையில் ‘காப்பியப் புனைவு’ எனக் குறிப்போம்.

இவற்றைப் படிப்போரிடம் ஒரு பழக்கம் உண்டு. படித்து முடித்ததும் வரிசைப்படுத்துவர். எது முதல், எது இரண்டாவது என்று வழக்காடுவர். தமிழ்த்துறையினர் சிலர் இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்குவதுண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. தரப்படுத்துவோன் தான் எதை மதிக்கின்றான் என்பதைச் சொல்லியே தீரவேண்டும்; திறனாய்வு பிறக்கும் இடம் அதுவே. குறை, வரிசைப்படுத்தலில் இல்லை. அதற்கு வழக்கமாகக் கையாளப்படும் அளவுகோல்களில்தான் உள்ளது.

வழக்கிலுள்ள அளவுகோல்கள்

முதலாவது, அளவு. எத்தனை தொகுதிகள், எத்தனை ஆயிரம் பக்கங்கள் என்பது. அரிசி மூட்டையை நிறுப்பது போன்ற இம்முறையைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. இரண்டாவது, உலகப் படைப்பின் நுணுக்கம். மூன்றாவது, மாயத்திற்கு ஆசிரியர் வகுத்துள்ள விதிகளின் ஒழுங்கு. பின்னிரண்டும் பொருட்படுத்தத்தக்கவையே. எனினும், வீடு எத்துணை உறுதியாகக் கட்டப்பட்டுள்ளது என்பதை அவை சொல்லுமே அன்றி, அவ்வீட்டில் வாழ்வோர் எத்தகையோர் என்பதைச் சொல்லா.

நாம் கைக்கொள்ளும் அளவுகோல் வேறு. காப்பியப் புனைவு, போரைப் பற்றியது. போர் இருக்குமிடத்துப் பகைவன் உண்டு. அப்பகைவனை நூல் எவ்வாறு காண்கின்றது என்று கேட்பதே நம் முறை. அவனுக்கு முகம் உண்டா? அவனுக்கென ஒரு வீடும் தாயும் அச்சமும் உண்டா? அல்லது வெட்டி வீழ்த்துவதற்கென்றே படைக்கப்பட்டவனா? இக்கேள்வி நம் மரபிற்குப் புதியதன்று. தண்டியலங்காரம் பெருங்காப்பியத்திற்கு ஒப்பற்ற தலைவன் வேண்டும் என்று விதித்தது. பகைவன் எத்தகையவனாதல் வேண்டும் என்று விதிக்கவில்லை. விதி இல்லாத அவ்விடத்திலேதான் கம்பர் தம் இராவணனைப் படைத்தார். பகைவராக வாளேந்தி வந்த உமர் (ரலி) அவர்கள் ஈமான் கொண்ட நிகழ்ச்சிக்கு உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் தனிப் படலமே அமைத்தார். பகைக் கூட்டத்தாரிடத்தும் நீதி வழுவலாகாது என்பது திருக்குர்ஆன் (5:8) நமக்கு இட்ட பணிப்பு. ஆதலின் இவ்வளவுகோல் நமக்கு வெளியிலிருந்து வந்ததன்று.

கலார்மென் என்னும் நாடு

இவ்வளவுகோலை நாம் தேர்ந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. சி. எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை வெளியிட்ட ஏழு நூல்கள் கொண்ட ‘நார்னியா’ வரிசையை நம் பிள்ளைகள் விரும்பிப் படிக்கின்றனர். அவ்வரிசையில், 1954இல் வெளிவந்த ‘குதிரையும் அவனுடைய சிறுவனும்’ என்னும் நூலில் கலார்மென் என்றொரு நாடு வருகின்றது. பாலைக்கு அப்பாலுள்ள தெற்கு நாடு அது. அந்நாட்டார் கருத்த நிறத்தினர், தலைப்பாகை அணிவர், வளைந்த வாள் ஏந்துவர், தாடி வைத்திருப்பர், அடிமைகளை வைத்திருப்பர். அவர்தம் தெய்வமாகிய டாஷ், கழுகுத்தலை கொண்ட கொடிய உரு. அதற்கும் இஸ்லாத்திற்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. ஆயினும் உடையும் பேச்சும் நகரமைப்பும் யாரை நினைவூட்டுகின்றன என்பதைப் பத்து வயதுப் பிள்ளையும் அறிந்துகொள்ளும். தன் பாட்டனாரைப் போன்று உடுத்தவன் ஒவ்வொரு பக்கத்திலும் வஞ்சகனாக வருவதைப் படிக்கும் பிள்ளை, அந்நூலை மூடிவிடும்; அல்லது தன்னையறியாமலே நார்னியரின் பக்கம் நின்று தன் பாட்டனாரைப் பார்க்கத் தொடங்கும். இரண்டும் இழப்பே.

லூயிஸுக்கு நீதி செய்வதாயின் மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். அந்நூலின் தலைவியாகிய அராவிஸ் ஒரு கலார்மென் பெண். துணிவும் தன்மதிப்பும் உடையவள். வரிசையின் கடைசி நூலாகிய ‘இறுதிப் போர்’ (1956) என்பதில் எமத் என்னும் கலார்மென் இளைஞன் வருகின்றான். வாழ்நாளெல்லாம் டாஷையே உண்மையாகத் தொழுதவன் அவன். நார்னியாவின் தலைவனாகிய அஸ்லான் என்னும் சிங்கம் அவனைத் தள்ளாது ஏற்றுக்கொள்கின்றது. எமத் என்னும் சொல்லுக்கு எபிரேய மொழியில் உண்மை என்பது பொருள். ஆயினும் ஒருவனை ஏற்றுக்கொள்வதற்காக அவன் இனத்தார் அனைவரையும் இழிவாகத் தீட்டியிருத்தல் வேண்டுமா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. அராவிஸும் எமத்தும் விலக்குகள். விலக்குகளால் விதி மாறிவிடவில்லை. (கலார்மென் நாட்டில் கதை சொல்லும் கலையைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பர் என்றும், இங்கிலாந்தில் கட்டுரை எழுதக் கற்பிப்பது போன்றது அது என்றும், ஆனால் கட்டுரையைப் படிக்க விரும்பியவர் எவரையும் தாம் அறிந்ததில்லை என்றும் லூயிஸ் போகிற போக்கில் நகைக்கின்றார். கட்டுரை எழுதும் நமக்கு இது சற்றுச் சுடத்தான் செய்கின்றது.)

டோல்கீன்

ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892-1973) ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலம் பயிற்றிய பேராசிரியர், லூயிஸின் நண்பர். 1916இல் சோம் போர்க்களத்தில் நின்றவர். அவருடைய ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. எழுதத் தொடங்கியது 1937இல். மூன்று நூல்களின் தொடர் என்று பலர் எண்ணினும், ஆசிரியர் அதனை ஒரே புதினமாகவே கருதினார்.

டோல்கீனிடமும் தெற்கத்தியர் உண்டு. ஹராட் என்னும் நாட்டினர், யானையை ஒத்த பேருருவ விலங்குகளுடன் தீயோன் பக்கம் போரிட வருகின்றனர். கருத்த நிறம், செந்நிற உடை, பொன்னணி எனப் பழகிய சித்திரமே இங்கும் காணப்படுகின்றது. ஆனால் இரண்டாம் தொகுதியில் ஓரிடம் வருகின்றது. தோட்டக்காரனாகிய சாம் என்னும் எளியவன் தன் வாழ்நாளில் முதன்முறையாக மனிதரோடு மனிதர் பொருதுவதைக் காண்கின்றான். ஹராட் வீரன் ஒருவன் அம்பு தைத்து அவன் காலருகே வந்து விழுகின்றான். சாமுக்கு மகிழ்ச்சி தோன்றவில்லை. இவன் பெயர் யாது, எங்கிருந்து வந்தான், உண்மையிலேயே தீயவன்தானா, எந்தப் பொய்யோ எந்த அச்சுறுத்தலோ இவனை ஊரைவிட்டு இத்துணைத் தொலைவு நடத்தி வந்தது, ஊரிலேயே இருந்திருக்க விரும்பியிருப்பானோ என்றெல்லாம் அவன் உள்ளம் எண்ணுகின்றது. நொடிப்பொழுதில் கதை மேலே சென்றுவிடுகின்றது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களில் இது சில வரிகளே. எனினும் அச்சில வரிகள் கலார்மெனில் இல்லை. சோம் களத்தில் நின்றவர்க்கு அவ்வரிகள் எங்கிருந்து கிடைத்திருக்கும் என்பதை உய்த்துணரலாம். போர் முடிந்த பின்னர் அரகோர்ன் மன்னன் ஹராட் மக்களோடு அமைதி உடன்பாடு செய்துகொள்வதையும், தீயோனின் அடிமைகளாயிருந்தோரை விடுவித்து அவர் உழுத நிலத்தை அவருக்கே வழங்குவதையும் இதனோடு சேர்த்துக் காணல் வேண்டும்.

இன்னும் ஆழமானது கோலம் என்பவனின் கதை. மோதிரத்தின் மீதுள்ள ஆசையால் உருவும் உள்ளமும் சிதைந்த சிற்றுயிர் அவன். அவனைக் கொல்ல வாய்ப்பிருந்தும் பில்போ கொல்லவில்லை. அவன் மருமகன் முறையினனான ஃப்ரோடோவும் கொல்லவில்லை. கோலமே வழிகாட்டியாக நடக்கின்றான். மலைப்படிகளில் ஓரிரவு, உறங்கும் ஃப்ரோடோவைப் பார்த்து நிற்கும் கோலத்தின் உள்ளம் இளகுகின்றது. நடுங்கும் கையால் ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடுகின்றான். அந்நேரம் சாம் விழித்துக் கடுஞ்சொல் கூறுகின்றான். இளகிய உள்ளம் மீண்டும் இறுகிவிடுகின்றது. அதன் பின்னரே பெருங்காட்டிக்கொடுப்பு நிகழ்கின்றது. ஹராட் வீரனுக்காக இரங்கிய அதே சாம்தான் இதனையும் செய்கின்றான் என்பது கருதத்தக்கது. தொலைவில் கிடக்கும் பகைவனுக்கு இரங்குதல் எளிது. நாள்தோறும் உடன் நடப்பவனுக்கு இரங்குதல் அரிது. இறுதியில் எரிமலையின் விளிம்பில் நின்று மோதிரத்தை எறிய மறுத்துத் தோற்கின்றான் ஃப்ரோடோ. விரலோடு மோதிரத்தைக் கடித்தெடுத்த கோலம் கால் தவறி வீழ்வதால் உலகு பிழைக்கின்றது. பகைவன்மீது காட்டிய இரக்கமே கதையை முடித்து வைக்கின்றது. தலைவனின் வலிமை அன்று.

டோல்கீனின் குறையும் இவ்விடத்தே உண்டு. ஓர்க்குகள் என்னும் கூட்டத்தாரை ஆயிரக்கணக்கில் வெட்டி வீழ்த்துகின்றனர். அவருக்காக எவரும் நின்று எண்ணவில்லை. பேசவும் முணுமுணுக்கவும் தெரிந்த உயிர்கள் மீட்சியே இல்லாதனவாக இருத்தல் இயலுமா என்னும் வினா ஆசிரியரையே பிற்காலத்தில் வருத்திற்று. ஓர்க்குகளின் தோற்றம் குறித்துப் பலவாறு எழுதிப் பார்த்தும் அவர் முடிவான விடை காணவில்லை.

எர்த்சீ

அர்சுலா லெ குவின் (1929-2018) அமெரிக்கர். மானிடவியல் அறிஞர் ஆல்பிரெட் க்ரோபரின் மகள். அவருடைய எர்த்சீ வரிசையின் முதல் நூல் 1968இலும், இரண்டாவது 1971இலும், மூன்றாவது 1972இலும் வெளிவந்தன. நான்காவதாகிய ‘தெஹானு’ 1990இல் வந்தது. 2001இல் ஒரு கதைத் தொகுதியும் ஒரு புதினமும் சேர்ந்து வரிசை நிறைவுற்றது. முதல் நூல் ஏறத்தாழ 200 பக்கங்களே உடையது. எடை போடுவோர் இதனைக் கைவிட்டுவிடுவர்.

எர்த்சீ தீவுகளால் ஆன உலகு. தலைவன் கெட் செம்பழுப்பு நிறத்தினன். அவன் நண்பன் வெட்ச் கருநிறத்தினன். வெள்ளை நிறத்தார் யாவர் எனின், கப்பல்களில் வந்து ஊர்களை எரிக்கும் கார்கட் கொள்ளையரே. 1968இல் இது எத்துணைத் துணிவான மாற்றம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சி இக்கதையைப் படமாக்கியபோது கெட்டை வெள்ளையனாக்கிவிட்டது. லெ குவின் அதனை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார்.

நிறத்தைத் தலைகீழாக்கியதோடு அவர் நின்றிருப்பின், கலார்மெனையே மறுபக்கம் திருப்பியதாகியிருக்கும். லெ குவின் அவ்வாறு நிற்கவில்லை. முதல் நூலில் கெட், செருக்கினால் இறந்தோர் உலகின் வாயிலைத் திறந்துவிட, ஒரு நிழல் வெளிப்பட்டு அவன் முகத்தைக் கிழிக்கின்றது. அவனைக் காக்க முற்பட்ட முதுபெரும் ஆசான் உயிரிழக்கின்றார். நிழலுக்கு அஞ்சி ஓடுகின்றான். பின்னர்த் திரும்பி அதனையே துரத்துகின்றான். உலகின் விளிம்புக்கு அப்பால் இருவரும் எதிர்நிற்கும்போது, ஒருவர் மற்றவரை அழைக்கும் பெயர் ஒன்றாகவே இருக்கின்றது. நிழலின் பெயரும் கெட்தான். வெற்றி தோல்வி இரண்டும் அங்கில்லை.

இரண்டாம் நூலாகிய ‘அட்டுவான் கல்லறைகள்’ நம் கருத்தில் இவ்வகை இலக்கியத்தின் உச்சம். அதன் களம் முதல் நூலில் கொள்ளையராக வந்த கார்கட் மக்களின் நாடே. தலைவி டெனார், ஐந்து வயதில் வீட்டினின்று பிரிக்கப்பட்டு, பெயர் பறிக்கப்பட்டு, இருண்ட கல்லறைக் கோயிலின் பூசகியாக்கப்பட்டவள். நூலின் தொடக்கப் பகுதிகளில் கெட் தோன்றுவதேயில்லை. தோன்றும்போதோ நிலத்தடி இருளில் விளக்கேந்தி வந்த திருடனாகத் தோன்றுகின்றான். முதல் நூலில் நாம் தோள்மீது தூக்கிக் கொண்டாடிய தலைவன், இங்கே புனித இடத்தைத் தீட்டுப்படுத்திய கருநிறப் பகைவன். டெனார் இரும்புக் கதவை அடைத்து அவனைச் சிறைப்படுத்துகின்றாள். நீரின்றி அவன் வாடுவதைத் துளையின் வழியே பார்க்கின்றாள். கொல்வதா, தண்ணீர் கொடுப்பதா என்னும் வினாவே கதை. வாசகன் பகைவனின் வீட்டுக்குள் அமர்ந்து, தான் விரும்பிய தலைவனைப் பகைவனாகப் பார்க்கும்படி செய்யப்படுகின்றான். இதனை வேறெவரும் இத்துணைச் சுருக்கமாகவும் நிறைவாகவும் செய்ததாக நாம் அறியோம்.

மார்ட்டினும் ஜோர்டனும்

ஜார்ஜ் மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்டு ஃபயர்’ வரிசை 1996இல் தொடங்கிற்று. ஐந்தாம் நூல் 2011இல் வந்தது. அதன்பின் ஆறாம் நூலுக்காக வாசகர் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. தொலைக்காட்சித் தொடரோ 2019இல் தானாகவே முடிந்துவிட்டது. ஒவ்வோர் இயலும் ஒரு பாத்திரத்தின் கண்வழியே செல்வது இதன் அமைப்பு. முதல் நூலில் ஜேமி லானிஸ்டர் என்பவன் ஏழு வயதுச் சிறுவனைக் கோபுரச் சாளரத்திலிருந்து கீழே தள்ளுகின்றான். இரண்டு நூல்கள் அவனை வெறுத்த பின்னர், மூன்றாம் நூலில் (2000) திடீரென அவன் கண்வழியே இயல்கள் வருகின்றன. மன்னனைக் கொன்றவன் என்று ஊரார் இகழும் அவன், தலைநகரையே தீக்கிரையாக்க இருந்த மன்னனைத் தடுத்தவன் என்பதை நாம் அறிகின்றோம். சிறுவனைத் தள்ளிய குற்றம் அதனால் கழுவப்படவில்லை. வெறுப்பு மட்டும் முன்போல் எளிதாக இல்லை. இது பெருந்திறமையே. ஆயினும் இப்பார்வை மேற்கு நாட்டுப் பிரபுக்களுக்கே பெரிதும் கிடைக்கின்றது. கிழக்கின் குதிரை வீரராகிய டோத்ராக்கியர் எவருக்கும் ஐந்து நூல்களிலும் ஓர் இயல்கூடத் தரப்படவில்லை. கொடுமையும் காமமும் வெளிப்படையாக வரும் பகுதிகள் இந்நூல்களில் பல உள. இளையோர் கையில் தருமுன் பெரியோர் அறிந்திருத்தல் நலம்.

ராபர்ட் ஜோர்டனின் ‘வீல் ஆஃப் டைம்’ 1990இல் தொடங்கி 14 பெருந்தொகுதிகளாக வளர்ந்தது. ஜோர்டன் 2007இல் மறைய, பிராண்டன் சாண்டர்சன் 2013இல் முடித்துவைத்தார். ட்ரோலோக் என்னும் விலங்குப் படையினர் முகமற்றவர். மாயம் வல்ல பெண்டிரைக் கழுத்துப்பட்டையிட்டு அடிமைகொள்ளும் சான்ச்சன் பேரரசினரைப் பற்றிய பகுதிகள் மட்டும் நம்மை நின்று எண்ணவைக்கின்றன. இடையிலுள்ள தொகுதிகளைப் பொறுமையுடையோர் படிக்கலாம்.

நம் வீட்டுப் புனைவு

பிறர் நூல்களை இவ்வளவுகோலால் அளந்த நாம், முஸ்லிம் சமுதாயம் கொண்டாடிய புனைவையும் அதனாலேயே அளத்தல் முறை. அமீர் ஹம்ஸா தாஸ்தான் பாரசீகத்திலிருந்து வந்து உருதுவில் பெருகிய கதை. அக்பர் பாதுஷா இதற்கு ஏறத்தாழ 1,400 ஓவியங்கள் தீட்டச் செய்தார். லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் இதனை 46 தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் தலையாயது ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’. 1883 முதல் முஹம்மது ஹுசைன் ஜா, அவருக்குப் பின் அஹ்மத் ஹுசைன் கமர் ஆகியோர் எழுதியது. பெயர் ஒன்றாயினும், இக்கதையின் ஹம்ஸா வேறு. 625இல் உஹதுப் போரில் ஷஹீதான நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையார் ஹம்ஸா (ரலி) வேறு. கதையை வரலாறாக எவரும் கொள்ளலாகாது. ஐந்து படைப்போர் போன்ற நூல்களைப் பாடக் கேட்ட நம் மூத்தோருக்கு இவ்வகைப் போர்க்கதையின் போக்கு புதிதாக இராது.

கற்பனை வளத்தில் ஹோஷ்ருபாவுக்கு நிகரானது மேற்கூறியவற்றுள் ஒன்றும் இல்லை. போர், அவைக்களிப்பு, மாயம், தந்திரம் என்னும் நான்கும் தாஸ்தானின் உறுப்புகள் என்பர். உலகையே உள்ளடக்கும் அம்ரு அய்யாரின் பை ஒன்றே போதும், டோல்கீனின் மோதிரத்தோடு வழக்காட. ஆனால் பகைவனைக் காணும் பார்வையில்? மாயப் பேரரசன் அஃப்ராசியாபின் மாயக்காரரும் மாயக்காரியரும் பலர் பக்கம் மாறி வருகின்றனர். மஹ்ருக் போன்றோர் படைத்தலைமையே ஏற்கின்றனர். இது பாராட்டத்தக்கது. பக்கம் மாறாதவனோ வெட்டுண்டு வீழ்கின்றான். அவன் வீழ்ச்சி நகைப்புக்கும் இடமாகின்றது. வீழ்ந்தவனருகே சாமைப் போல் நின்று எண்ணுவோர் அங்கில்லை. நம் கதை என்பதற்காக இதனை மறைத்தால், லூயிஸைக் குறைகூறும் தகுதி நமக்கு இராது. பரிசும் உணவும் கருதிச் செவிகொடுத்த அவைகளின் முன் சொல்லி வளர்ந்த கதைக்கும், தனியறையில் எழுதிய புதினத்திற்கும் வேறுபாடு உண்டு என்பதை மட்டும் தாஸ்தானின் சார்பில் கூறலாம். 46 தொகுதிகளையும் தேடித் தொகுத்து ஆராய்ந்த ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி (1935-2020), தாஸ்தானைப் புதினத்தின் அளவுகோலால் அளத்தல் பொருந்தாது என்று வற்புறுத்தினார். அவர் கூற்றில் நியாயம் உண்டு. ஆயினும் இன்றைய மாணவன் இரண்டையும் ஒரே மேசைமீது வைத்துத்தான் படிக்கின்றான்.

நம் வரிசை

ஆகவே நாம் முதலிடம் தருவது எர்த்சீக்கே. இரண்டாமிடம் டோல்கீனுக்கு, ஓர்க்குகள் இல்லாதிருப்பின் முதலிடத்தை நெருங்கியிருப்பார். மூன்றாமிடம் மார்ட்டினுக்கு, முடிவைக் கண்ட பின்னர் மாற்றிக்கொள்ளும் உரிமையோடு. நான்காமிடம் ஹோஷ்ருபாவுக்கு, படிக்கும் இன்பம் ஒன்றையே கருதினால் இதனை இரண்டாமிடத்திற்கு உயர்த்துவோருடன் நாம் வழக்காட மாட்டோம். ஐந்தாவது ஜோர்டன். நார்னியா கடைசி. எமத்தின் பொருட்டு அதனைப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை.

ஹோஷ்ருபாவின் தொடக்கப் பகுதி முஷர்ரஃப் அலி ஃபாரூக்கியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2009இல் வெளிவந்துள்ளமையால் உருது அறியாதோரும் அதனை அணுகலாம். நார்னியாவைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்து வைப்பதில் பயனில்லை. பெரியவர் ஒருவர் உடனிருந்து படித்து, கலார்மென் பகுதிகளில் நிறுத்தி, இந்நாட்டார் இக்கதையைச் சொல்லியிருந்தால் எவ்வாறு சொல்லியிருப்பர் என்று கேட்கலாம். இவ்வகை நூல்களையே படித்தறியாத மாணவர், எர்த்சீயின் முதல் நூலைத் தாண்டி ‘அட்டுவான் கல்லறைகள்’ நூலிலிருந்தே தொடங்கினாலும் குற்றமில்லை. கெட் யார் என்பதை அறியாமலே டெனாரோடு இருளில் நின்று, விளக்கேந்தி வரும் அந்நியனை முதன்முறை பார்ப்பதில் ஒரு தனி நன்மை உண்டு. முதல் நூலைப் படித்துவிட்டு வரும் நம் போன்றோர்க்கு அது கிடைப்பதில்லை.